கடலில் பாசிப் பெருக்கம்: காற்று, கலக்கம், வெப்பம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடல் பச்சையாகிவிட்டது என்றோ, இரவில் அலை நீலமாக மின்னியது என்றோ செய்தி வரும்போதெல்லாம் கூடவே கேள்விகளும் வருகின்றன. புவி வெப்பமாவதுதான் காரணமா? கடல் கெட்டுப்போய்விட்டதா? இனி மீன் கிடைக்குமா? ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. ஆனால் கடல் எப்போது கலங்குகிறது, எப்போது அடங்குகிறது என்பதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை ஒவ்வொன்றாகப் புரியும். கீழே வரும் பதில்களில் அரபிக்கடலும் வங்காள விரிகுடாவும் அதிகம் வரும். பாசிப் பெருக்கம் பற்றிய கோட்பாடுகள் வளர்ந்த இடம் வட அட்லாண்டிக் என்பதால் அதுவும் வரும்.

பாசி என்றால் வலையில் சிக்குமே, அதுவா?

இல்லை. வலையில் சிக்குவதும் பாறையில் ஒட்டியிருப்பதும் பெரிய கடற்பாசிகள். இங்கே பேசுவது ஃபைட்டோபிளாங்க்டன் எனப்படும் மிதவை நுண்பாசிகளைப் பற்றி. பெரும்பாலும் ஒற்றைச் செல் உயிர்கள். கண்ணாடி போன்ற சிலிக்கா ஓட்டைக் கட்டிக்கொள்ளும் டயட்டம், சுண்ணாம்புத் தகடுகளைப் போர்த்திக்கொள்ளும் காக்கோலித்தோஃபோர், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத புரோக்ளோரோகாக்கஸ் என்று பல வகை.

உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதி இவற்றின் வேலை. ஆண்டுக்குச் சுமார் 5,000 கோடி டன் கார்பனை உயிர்ப்பொருளாக மாற்றுகின்றன. ஆனால் எடை போட்டால் உலகத்துத் தாவரங்கள் மொத்தத்தில் இவை ஒரு சதவீதம் அளவுகூடத் தேறாது. மரம் போல நின்று சேர்த்துவைக்கும் வாழ்க்கை இவற்றுக்கு இல்லை. பிறந்த சில நாட்களிலேயே யாராவது தின்றுவிடுகிறார்கள், இல்லாவிட்டால் ஆழத்துக்குப் போய்விடுகின்றன. பிறக்கும் வேகம் தின்னப்படும் வேகத்தை முந்தும் சில வாரங்களைத்தான் பாசிப் பெருக்கம் என்கிறோம்.

வெப்பமண்டலக் கடலில் ஆண்டு முழுக்க வெயில். அப்புறம் ஏன் எப்போதும் பச்சையாக இல்லை?

வெயில் மட்டும் போதாது, உரமும் வேண்டும். நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட், கொஞ்சம் இரும்பு. வெளிச்சம் இருக்கும் மேல்நீரில் பாசிகள் இவற்றைச் சீக்கிரமே உறிஞ்சித் தீர்த்துவிடுகின்றன. செத்த செல்களும் கழிவும் கீழே இறங்கி ஆழத்தில் மட்குவதால் சத்து அங்கேயே போய்ச் சேர்கிறது. மேலே வெளிச்சம், கீழே சத்து. இரண்டையும் ஓரிடத்துக்குக் கொண்டுவருவது காற்று, குளிர், நீரோட்டம் ஆகியவை கிளப்பும் கலக்கம்தான். அஞ்சலட்டையில் வரும் கண்ணைப் பறிக்கும் நீலக் கடல் பெரும்பாலும் பட்டினிக் கடல்.

அப்படியானால் கடல் எவ்வளவு கலங்குகிறதோ அவ்வளவு நல்லதா?

அதுவும் இல்லை. ஆழமாகக் கலங்கினால் சத்து மேலே வரும், ஆனால் பாசியும் இருட்டுக்குள் இழுபடும். வட அட்லாண்டிக்கில் குளிர்காலத்தில் கடல் பல நூறு மீட்டர் ஆழம் வரை புரளும். கனடாவுக்கும் கிரீன்லாந்துக்கும் இடையே உள்ள லாப்ரடார் கடலில் ஆயிரம் மீட்டரையும் தாண்டுவதுண்டு. வெளிச்சம் எட்டுவதோ மேலே சில பத்து மீட்டர்.

இதைக் கணக்காக எழுதியவர் நார்வேயின் கடலியல் அறிஞர் ஹரால்ட் ஸ்வெர்ட்ரப். நார்வேக் கடலில் ‘எம்’ என்ற வானிலைக் கப்பல் ஒரே இடத்தில் நின்று 1949-இல் எடுத்த அளவீடுகளை வைத்து, 1953-இல் அவர் வெளியிட்ட கருத்து இதுதான். ஒரு பாசி செல் மேலும் கீழும் அலையும்போது வெளிச்சத்தில் சம்பாதிப்பதும் இருட்டில் செலவழிப்பதும் சரிக்குச் சரியாகும் ஓர் ஆழம் உண்டு. கலக்கம் அந்த ஆழத்துக்கு மேலேயே நின்றுவிட்டால் பாசி பெருகும், அதைத் தாண்டிப் போனால் தேயும். வசந்தத்தில் வெயில் ஏறி மேல்நீர் சூடாகி இலேசாகும்போது கலக்கம் மேல்மட்டத்தோடு நின்றுவிடுகிறது, பெருக்கம் தொடங்குகிறது. முதலில் கலங்க வேண்டும், பிறகு அடங்க வேண்டும். அந்த வரிசைதான் முக்கியம்.

ஸ்வெர்ட்ரப் சொன்னது தவறு என்று நிரூபித்துவிட்டார்களாமே?

சவால் விட்டார்கள் என்பதே சரி. அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் பெஹ்ரன்ஃபெல்ட் 2010-இல் வட அட்லாண்டிக்கின் செயற்கைக்கோள் பதிவுகளைப் பார்த்தபோது, பாசியின் மொத்த இருப்பு வசந்தத்துக்குக் காத்திராமல் நடுக்குளிர்காலத்திலேயே ஏறத் தொடங்குவதைக் கண்டார். அவர் விளக்கம் தின்பவர்கள் பக்கம் போகிறது. கடல் ஆழமாகப் புரளும்போது பாசியும் அதைத் தின்னும் நுண்விலங்குகளும் பெரிய நீர்ப்பரப்பில் சிதறிப்போகின்றன. ஒன்றை ஒன்று சந்திப்பது குறைகிறது. மெதுவாக வளர்ந்தாலும் தப்பிப் பிழைப்பவை கூடுகின்றன.

அடுத்த ஆண்டு ஜான் டெய்லரும் ரஃபேல் ஃபெராரியும் வேறொன்றைச் சுட்டினார்கள். கலங்கி ஒன்றான மேல்நீர், அதாவது மேலடுக்கு, எவ்வளவு ஆழம் என்பதைவிட, அது இந்த நிமிடம் புரண்டுகொண்டிருக்கிறதா என்பதே முக்கியம். குளிர்காற்று கடலிலிருந்து வெப்பத்தை உறிஞ்சுவது நின்றதுமே புரளல் தளர்ந்துவிடும், பாசிக்கு அது போதும். 2012-இல் அமலா மகாதேவனும் சகாக்களும் இன்னொரு வழியைக் காட்டினார்கள். ஐஸ்லாந்துக்குத் தெற்கே கடல் சுழல்கள் இலேசான நீரைக் கனமான நீரின் மேல் சரித்துவிடுவதால், வெயில் கடலைச் சூடாக்குவதற்கு 20 முதல் 30 நாட்கள் முன்பே பெருக்கம் தொடங்கிவிடுகிறது.

என் பார்வையில் இவை ஒன்றை ஒன்று ஒழித்துக்கட்டும் கருத்துகள் இல்லை. ஏற்றம் எப்போது ஆரம்பிக்கிறது என்பது ஒரு கேள்வி, எப்போது வேகமெடுக்கிறது என்பது இன்னொன்று. ஸ்வெர்ட்ரப்பின் கணக்கில் தின்பவர்களின் பங்கு எப்போதும் ஒரே அளவு. அங்கேதான் அது குறைபடுகிறது.

அரபிக்கடலும் வங்காள விரிகுடாவும் ஒரே அட்சரேகையில்தானே இருக்கின்றன? ஒன்று செழிப்பாகவும் மற்றது வறட்சியாகவும் இருப்பது ஏன்?

கலக்கத்தின் பாடத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் உலகில் வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை. அவ்வளவு நல்ல உதாரணம் நம் இரு பக்கமும் கிடக்கிறது.

தென்மேற்குப் பருவத்தில் ஆப்பிரிக்கக் கொம்பை ஒட்டி ஃபிண்ட்லேட்டர் ஜெட் என்ற கடுங்காற்று வீசுகிறது. அது சோமாலியா, ஓமன் கரையோர மேல்நீரைத் தள்ளிக்கொண்டு போக, அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த, சத்துள்ள நீர் ஏறுகிறது. கேரளக் கரையிலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த மேலெழுச்சி உண்டு. அரபிக்கடலின் வட பகுதிக்கு இரண்டாவது வாய்ப்பும் கிடைக்கிறது. குளிர்காலத்தில் வடகிழக்கிலிருந்து வரும் வறண்ட, குளிர்ந்த காற்று மேல்நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கிறது. குளிர்ந்த நீர் கனத்து இறங்க, கீழ்நீர் ஏறுகிறது. கலக்கம் நூறு மீட்டர் வரை போகும். வெப்பமண்டலக் கடலில் குளிர்காலப் பெருக்கம் வருவது இப்படித்தான்.

வங்காள விரிகுடாவின் கதை வேறு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் அங்கே கொட்டுகின்றன, மேலே பெருமழை வேறு. சாதாரணக் கடல்நீரில் கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். மழைக்காலத்துக்குப் பின் விரிகுடாவின் வடமுனையில் அது 30-க்கும் கீழே இறங்குகிறது. உப்புக் குறைந்த இலேசான நீர், பானைக்கு மூடி போட்டது போல மேலே உட்கார்ந்துகொள்கிறது. இங்கே வீசும் காற்றுக்கு அந்த மூடியைத் திறக்கும் பலம் இல்லை. ஆறுகள் சத்துகளைக் கொண்டுவரத்தான் செய்கின்றன. ஆனால் அதில் பெரும்பங்கு கரையோரத்திலேயே தீர்ந்துபோகிறது. கலங்கல் நீரும் மேகமும் வெளிச்சத்தையும் குறைத்துவிடுகின்றன.

விதிவிலக்கு இலங்கையின் தென்கரை. தென்மேற்குப் பருவத்தின் சோளகக் காற்று வீசும் காலத்தில் அங்கே கீழ்நீர் மேலேறி நல்ல பெருக்கம் உண்டாகிறது. பருவ நீரோட்டம் அந்தப் பச்சை நீரைத் தீவைச் சுற்றி வங்காள விரிகுடாவுக்குள் இழுத்துப் போவதை பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் வினயச்சந்திரன் குழுவினர் செயற்கைக்கோள் படங்களை வைத்து விளக்கியிருக்கிறார்கள்.

புயலுக்குப் பிறகு கடல் செழிப்பாகும் என்பது உண்மையா?

உண்மைதான், கொஞ்ச நாளைக்கு. 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலுக்குப் பின் அதன் பாதையில் பச்சையம் கூடியது பதிவாகியிருக்கிறது. சாதாரணக் காற்றால் திறக்க முடியாத மேலடுக்கைப் புயல் கிழித்துவிடுகிறது. ஆனால் மேலே நன்னீர் தடிமனாகக் கிடந்தால் பெரிய புயல்கூடச் சத்துள்ள நீரை எட்டாமல் போய்விடும்.

புவி வெப்பமானால் இதில் என்ன மாறும்?

பசுங்குடில் வாயுக்கள் தேக்கிவைத்த கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள் போயிருக்கிறது. மேலிருந்துதான் சூடேறுகிறது என்பதால் மேல்நீர் இலேசாகி, கீழ்நீரோடு சேராமல் அடுக்காகப் பிரிந்து நிற்பது கூடுகிறது. உலகக் கடலின் மேல் 2,000 மீட்டரில் இந்த அடுக்குப் பிரிவு 1960-லிருந்து சுமார் 5 சதவீதம் கூடியதாக 2020-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. சத்து மேலே வரும் வழி குறுகுகிறது என்று பொருள்.

ஆனால் காற்றும் மாறுகிறதே! 2021-இல் ஷான் பாப்டிஸ்ட் சாலே குழுவினர் வெளியிட்ட ஆய்வின்படி, அடுக்குப் பிரிவு கூடிய அதே காலத்தில் கோடைகால மேலடுக்கு பத்தாண்டுக்கு 5 முதல் 10 மீட்டர் வரை தடித்திருக்கிறது. இரண்டும் ஒன்றாக நடக்கலாம். ஆகவே ‘சூடானால் மேலடுக்கு மெலியும்’ என்று மொத்தமாகச் சொல்லிவிட முடியாது.

அரபிக்கடலிலேயே இதற்கு ஒரு கதை இருக்கிறது. 2005-இல் ஜோக்கிம் கோயஸ் குழுவினர், 1997 முதல் ஏழு ஆண்டுச் செயற்கைக்கோள் பதிவுகளை வைத்து, மேற்கு அரபிக்கடலில் கோடைப் பெருக்கம் பல மடங்கு கூடிவிட்டது என்றார்கள். இமயத்தில் பனி குறைந்து, நிலம் அதிகம் சூடாகி, பருவக்காற்று வலுத்து, மேலெழுச்சி கூடியது என்பது அவர்கள் விளக்கம். 2016-இல் புனே இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ராக்சி மேத்யூ கோல் குழுவினர் நேர் எதிரான முடிவுக்கு வந்தார்கள். மேற்கு இந்தியப் பெருங்கடலில் அறுபது ஆண்டுகளில் நுண்பாசி 20 சதவீதம் வரை குறைந்திருக்கிறது, கடல் சூடாகி அடுக்குப் பிரிந்து நிற்பதே காரணம் என்றார்கள். எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை அதிகம். அதன் காலநீட்சி பெரிது. ஏழு ஆண்டுகள் என்பது, சில ஆண்டுக்கு ஒருமுறை பசிபிக் கடல் சூடாகும் எல் நினோ ஒன்று வந்துபோனாலே சாய்ந்துவிடும் அளவு.

அப்படியானால் எல்லாக் கடலிலும் பாசி குறையுமா?

வெளிச்சம்தான் தட்டுப்பாடாக இருந்த இடங்களில் கூடுகிறது. ஆர்க்டிக் கடலில் 1998-க்கும் 2018-க்கும் இடையில் பாசி உற்பத்தி 57 சதவீதம் ஏறியிருக்கிறது, பனி விலகியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2011 ஜூலையில் அலாஸ்காவுக்கும் சைபீரியாவுக்கும் வடக்கே உள்ள சுக்சி கடலில் ஒரு கப்பல் குழு, ஏறக்குறைய ஒரு மீட்டர் கனமுள்ள பனிக்கட்டிக்கு அடியிலேயே நூறு கிலோமீட்டருக்கு மேல் பரவிய பெருக்கத்தைக் கண்டது. பனி மெலிந்து மேலே உருகுநீர்க் குளங்கள் தேங்கியிருந்ததால் வெளிச்சம் உள்ளே இறங்கியிருந்தது. இனி அங்கேயும் சத்து எவ்வளவு வந்துசேருகிறது என்பதே எல்லையாகும்.

உலகம் முழுவதற்கும் சேர்த்து, உமிழ்வு கட்டுப்படாமல் போனால் இந்த நூற்றாண்டின் இறுதியில் கடலின் உற்பத்தி 4 முதல் 11 சதவீதம் வரை குறையலாம் என்று ஐ.நா.வின் பருவநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2019 கடல் அறிக்கை மதிப்பிட்டது. உலகச் சராசரியை மட்டும் பார்ப்பவர்களுக்கு அது சின்ன எண்ணாகத் தெரியலாம். வெப்பமண்டலக் கடலை நம்பி வாழும் ஊர்களுக்கு அந்தச் சராசரியால் ஒரு பயனும் இல்லை.

பெருக்கம் சில வாரம் முன்னால் வந்தால் என்ன கெடுதல்?

மீன்குஞ்சுக்கு அந்தச் சில வாரம்தான் எல்லாம். முட்டையிலிருந்து வந்த குஞ்சு தன் கரு உணவு தீர்ந்ததும் உடனே இரை தேட வேண்டும். அந்த நேரத்தில் நுண்பாசியும் அதைத் தின்னும் சிறு விலங்குகளும் தயாராக இருந்தால் பிழைக்கும். கனடாவின் நோவா ஸ்கோஷியா கரையில் ஹேடாக் மீன்களை வைத்து ட்ரெவர் பிளாட் குழுவினர் 2003-இல் காட்டியது இது. பெருக்கம் சீக்கிரம் வந்த 1981, 1999 ஆகிய ஆண்டுகளில் குஞ்சுகள் வழக்கத்தைவிட மிக அதிகம் தப்பின. அங்கே முந்தி வந்தது நன்மையாயிற்று. முட்டையிடும் காலத்தைப் பகல் நீளம் தீர்மானிக்கும் மீனுக்கு அதுவே இழப்பாகலாம்.

நம் பக்கத்தில் இதை மத்தி மீனில் பார்க்கலாம். கேரளத்தின் மத்திப் பிடிப்பு 2012-இல் நான்கு லட்சம் டன்னை ஒட்டி இருந்தது, 2021-இல் மூவாயிரத்துச் சொச்சம் டன்னுக்கு விழுந்தது. மேலெழுச்சி தரும் டயட்டம்தான் மத்திக்கு முக்கிய இரை. ஆனால் குஞ்சு மீன்களையும் அள்ளியதன் பங்கு இதில் பெரிது. எல்லாப் பழியையும் வெப்பத்தின் மேல் போட்டுத் தப்பித்துக்கொள்ளக் கூடாது.

பாம்பன் பக்கம் கடல் பச்சையாகிறதே, அதுவும் இதுதானா?

பாம்பன், மண்டபம் மீனவர்கள் பூங்கோரை என்று சொல்வது நாக்டிலூகா என்ற உயிரை. 2019 செப்டம்பரில் அங்கே தண்ணீர் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கின. அதற்கு முந்தைய மாதம் சென்னைக் கடற்கரையில் அலை நீலமாக ஒளிர்ந்ததும் நாக்டிலூகாவால்தான்.

பச்சை நீரைக் கண்ணாடிக் குவளையில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தால் வெறும் கண்ணுக்கே தெரியும். ஜவ்வரிசியை மிகச் சிறிதாக்கியது மாதிரி பசுமையான உருண்டைகள். பெரியது ஒரு மில்லிமீட்டர் வரை இருக்கும். அசையாமல் வைத்தால் மேலே வந்து படலம் கட்டும், ஏனென்றால் செல்லுக்குள் அம்மோனியம் நிறைந்த இலேசான திரவம் இருக்கிறது. நுண்ணோக்கியில் வைத்தால் உருண்டைக்குள் ஆயிரக்கணக்கான பச்சைப் புள்ளிகள் நீந்திக்கொண்டிருக்கும். அவை வேறு உயிர்கள், வாடகைக்குக் குடியிருக்கும் பாசிகள். அவற்றின் ஒளிச்சேர்க்கையும் நாக்டிலூகாவுக்கு உணவு. தானே மற்ற பாசிகளைப் பிடித்தும் தின்னும். இரண்டு வழியிலும் சாப்பாடு.

இந்த இரட்டை வசதிதான் வட அரபிக்கடலில் அதைத் தூக்கிவிட்டது. அங்கே குளிர்காலப் பெருக்கம் முன்பு டயட்டங்களுடையது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அந்த இடத்தைப் பச்சை நாக்டிலூகா பிடித்துவருகிறது. ஆக்ஸிஜன் குறைந்த ஆழ்நீர் மேலேறி வருவதே காரணம் என்றார்கள் ஹெல்கா கோம்ஸ் குழுவினர் 2014-இல். 2020-இல் அதே வட்டத்திலிருந்து இன்னொரு விளக்கம் வந்தது. இமயம், திபெத் பனி குறைவதால் குளிர்காலக் காற்று வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் வருகிறது, கடல் போதுமான அளவு குளிர்ந்து புரளவில்லை, நைட்ரேட் குறைந்த நீரில் டயட்டம் தோற்று நாக்டிலூகா ஜெயிக்கிறது என்று. ஆக்ஸிஜன் வாதத்தை இந்திய ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. அவர்கள் கப்பலில் போய் அளந்தபோது பெருக்கம் இருந்த நீரில் ஆக்ஸிஜன் தாராளமாகவே இருந்தது. கலக்கம் தளர்கிறது என்ற விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

கவலை என்னவென்றால், நாக்டிலூகாவை மீனுக்கு இரையாகும் சிறு விலங்குகள் அதிகம் தின்பதில்லை. அது ஜெல்லிமீனுக்கும், சால்ப் என்ற கூழ் போன்ற மிதக்கும் விலங்குக்கும் போகிறது. கடல் பச்சையாக இருந்தும் மீனுக்குப் பயன் இல்லாமல் போகலாம்.

மன்னார் வளைகுடாவில் நடப்பதை இதோடு அப்படியே ஒட்டவைக்க வேண்டாம். அது ஆழமில்லாத கரையோரக் கடல். காற்று தளர்ந்து நீர் அசையாமல் நிற்கும் நாட்களில் மிதக்கும் செல்கள் ஓரிடத்தில் குவிகின்றன. இரவில் அவை ஆக்ஸிஜனை இழுக்க, செத்த செல்கள் அம்மோனியாவை விட, செவுள் அடைத்து மீன் சாகிறது. அப்படிச் செத்து ஒதுங்கிய மீனைச் சமைக்காதீர்கள்.

செயற்கைக்கோள் இருக்கிறதே, இன்னும் ஏன் இத்தனை கருத்து வேறுபாடு?

செயற்கைக்கோள் பார்ப்பது மேல்மட்டத்து நிறத்தை. வெப்பமண்டலக் கடலில் பாசி அதிகம் இருப்பது பெரும்பாலும் 50 மீட்டர், சில இடங்களில் 100 மீட்டர் கீழே. அது கண்ணில் படாது. தென்மேற்குப் பருவத்தில் நமக்கு மிகவும் வேண்டிய மாதங்களை மேகம் மறைத்துவிடுகிறது. போதாததற்கு, வெளிச்சம் கூடினால் அதே செல் தன் பச்சையத்தைக் குறைத்துக்கொள்ளும். பாசி குறையாமலே நிறம் வெளுக்கலாம்.

தொடர்ச்சியான பதிவு 1997-இல் கடலின் நிறத்தை அளக்கும் சீவிஃப்ஸ் கருவி விண்ணில் ஏறியதிலிருந்துதான் இருக்கிறது. இந்தியாவின் ஓஷன்சாட் செயற்கைக்கோள் 1999-இல் சேர்ந்தது. இயற்கையான ஏற்ற இறக்கத்திலிருந்து பருவநிலை மாற்றத்தின் தடத்தைப் பிரித்தெடுக்கச் சுமார் 40 ஆண்டுப் பதிவு வேண்டும் என்று 2010-இல் ஸ்டெஃபனி ஹென்சன் குழுவினர் கணித்தார்கள். பச்சையத்தை மட்டும் பார்த்தால் அவ்வளவு காலம் ஆகும். நிறமாலை முழுவதையும் பார்த்தால் சீக்கிரம் தெரிந்துவிடும் என்று 2023-இல் வந்த ஆய்வு காட்டியது. இருபது ஆண்டுகளில் உலகக் கடல் பரப்பில் 56 சதவீதத்தின் நிறம் மாறியிருக்கிறது, வெப்பமண்டலத்தில் பச்சைப் பக்கம் சாய்ந்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட பேஸ் செயற்கைக்கோள் நிறங்களை நுணுக்கமாகப் பிரித்து, எந்த வகைப் பாசி என்பதுவரை சொல்ல முயல்கிறது. ஆழத்தை அளக்க, தானே மூழ்கி எழும் ஆர்கோ என்ற தானியங்கி மிதவைகள் இருக்கின்றன. பச்சையமும் நைட்ரேட்டும் அளக்கும் மிதவைகள் நம் இரு கடல்களிலும் இன்னும் அதிகம் வேண்டும், அவற்றுக்கான பணம் நடுவில் நின்றுவிடக் கூடாது.

இரும்புத் தூளைத் தூவி நாமே பாசியைப் பெருக்கிக் கார்பனை இழுத்துவிட முடியாதா?

செய்து பார்த்திருக்கிறார்கள், இந்தியாவும் சேர்ந்துதான். கோவா தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனமும் 2009-இல் போலார்ஸ்டெர்ன் கப்பலில் தென்பெருங்கடலுக்குப் போய், 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பைக் கரைத்தன. லோஹாஃபெக்ஸ் என்று பெயர். பாசி ஓரளவு பெருகியது. ஆனால் அந்த நீரில் சிலிக்கேட் தீர்ந்துபோயிருந்ததால் கனமான ஓடுள்ள டயட்டங்கள் வளரவில்லை. ஓடில்லாத சிறு பாசிகளைக் கோப்பிபாடு என்ற நுண்விலங்குகள் தின்றன, கோப்பிபாடுகளை இறால் போன்ற ஆம்ஃபிபாடுகள் தின்றன. ஆழத்துக்கு இறங்கிய கார்பன் மிகக் குறைவு. முந்தைய ஆண்டிலேயே, முறையான ஆராய்ச்சி தவிர வேறு எதற்காகவும் கடலில் இரும்பு தூவக் கூடாது என்று, கடலில் கழிவு கொட்டுவதைக் கட்டுப்படுத்தும் லண்டன் உடன்படிக்கையின் நாடுகள் தீர்மானித்திருந்தன. அந்தத் தடை தளராமல் இருப்பதே நல்லது.